ரூபாய் விழ வேண்டிக்கொண்ட வீடு

ரூபாய் விழுந்த நாட்களில் எங்கள் வீட்டில் ரவை வறுபடும் வாசனை வரும். முதலில் நெய் உருகும், பிறகு முந்திரி சிவக்கும், அப்புறம் அம்மா ரவையைக் கொட்டிக் கிளறத் தொடங்கியதும் அந்த மணம் சமையலறையை விட்டுக் கிளம்பி, வாசலைத் தாண்டி, எதிர் ஃப்ளாட்டில் இருந்த மராத்திக்கார அம்மாளின் கதவு இடுக்கு வழியாக உள்ளே புகுந்து அவரை வெளியே இழுத்து வந்துவிடும். அவரை நாங்கள் "காகூ" என்று கூப்பிடுவோம், சித்தி மாதிரி. இன்றைக்கு என்ன விசேஷம் என்று காகூ கேட்பார், அம்மா முழிப்பாள். நாட்டின் நாணயம் மதிப்பிழந்து, மந்திரிகள் முகம் வாடி, செய்தி வாசிக்கிற பெண் துக்கம் விசாரிக்க வந்தவள் போலப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு சாயங்காலத்தில், அதைக் கொண்டாடிக் கேசரி கிளறுகிற குடும்பம் நாங்கள் என்று பக்கத்து வீட்டில் எப்படிச் சொல்வது? சும்மாதான் என்று சொல்லி ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

விஷயம் இவ்வளவுதான். அப்பா மஸ்கட்டில் இருந்தார். அவருக்குச் சம்பளம் ரியாலில். ரூபாய் விழுந்தால் அதே ரியாலுக்கு இங்கே கூடுதல் ரூபாய் கிடைக்கும். இதற்கு எங்கள் வீட்டில் "ரேட் ஏறிருச்சு" என்று பெயர். ஊருக்கெல்லாம் விழுந்தது எங்களுக்கு மட்டும் ஏறும். வெகு நாட்கள் வரை, செய்தியில் சொல்லும் ரூபாய் வேறு, எங்கள் வீட்டு ரூபாய் வேறு என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அதற்கு முன்னால் விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் புனேயின் லோஹேகாவ் தளத்தில் இருந்தபோது சர்வீஸ் முடிந்தது. பென்ஷன் வந்தது, ஆனால் வீடு இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்த கையோடு விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டை ஒட்டி ஒரு ஃப்ளாட்டை லோன் போட்டு வாங்கினார்கள், அந்த லோனை அடைக்க அப்பா மஸ்கட் விமான நிலையத்தில் வண்டிகள் பழுது பார்க்கிற வேலைக்குப் போனார். போகிறபோது சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நிமிராமல், "லோன் முடியட்டும்ட்டி, முடிஞ்ச மறுநா நா வீட்ல இருப்பேன்," என்றார். எனக்கு அப்போது ஏழு வயது. அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த நாலைந்து வருடங்கள் வளர்ந்தேன்.

லோன் சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் ரேட் ஏற வேண்டும், ரேட் ஏற வேண்டும் என்றால் ரூபாய் விழ வேண்டும். ஆகவே ரூபாய் விழுந்தால் அப்பா வருவார். என் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. எங்கள் சொசைட்டி வாசலில் காவலாளி அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கணபதி இருந்தார், அரளிப்பூ மாலையும் ஊதுபத்திச் சாம்பலுமாக. பள்ளிக்கூட வேனுக்கு நிற்கும்போது அவரிடம் தினமும் இதை வேண்டிக்கொள்வேன். அவர் இந்த ஊர்க்காரர், தமிழ் தெரியுமோ தெரியாதோ என்ற சந்தேகத்தில் மராத்தியிலேயே கேட்பேன். "ரூபயா படூ தே." ரூபாய் விழட்டும். ஒரு நாள் காவலாளி மாமா அதைக் கேட்டுவிட்டு, என் காசு ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்து, குனிந்து தரையெல்லாம் தேடினார்.

சாயங்காலம் ஏழு மணிச் செய்தி எங்கள் வீட்டில் பூஜை மாதிரி. அம்மாவுக்கு மராத்தி காதில்தான் ஏறும், எழுத்தில் ஏறாது, ஆனால் திரையின் அடியில் ஓடுகிற எழுத்தில் டாலர் என்ற சொல்லை மட்டும் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். டாலர் ஏறினால் ரியாலும் கூடவே ஏறும் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். குக்கர் விசில் வந்தால்கூடச் சத்தம் இடைஞ்சல் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும், இன்று கேசரியா இல்லையா என்று.

சம்பளம் வந்தவுடன் அப்பா பணத்தை அனுப்பிவிட மாட்டார். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்த எல்லோருக்கும் அதே பழக்கம். ரேட் ஏறட்டும் என்று பிடித்து வைத்திருப்பார்கள். ஏறினால், இன்னும் கொஞ்சம் ஏறட்டும். மீன் சந்தையில் கடைசி நேரத்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. இங்கே அம்மா அதற்குள் காகூவிடம் கைமாற்று வாங்கி கேஸ் சிலிண்டர் எடுத்திருப்பாள், என் பள்ளிக்கூட ஃபீஸுக்கு அபராதம் கட்டியிருப்பாள். ரேட்டில் கிடைத்த லாபம் அபராதத்தில் போயிற்று என்று அம்மா சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும், ஆகவே சொல்ல மாட்டாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மாவின் மொபைல் அடிக்கும். கார்டு வாங்கிப் பேசுகிற காலம், ஆகவே எல்லாமே அவசரம்தான். "சாப்டியாட்டி? மழையா? ரேட் பாத்தியா? எவ்வளவு போடுதான்?" ரேட் அவருக்குத் தெரியாததல்ல, பணம் மாற்றுகிற கவுண்ட்டர் அவர் அறைக்கு எதிரிலேயே இருந்தது. பேச வேறு என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் அதைக் கேட்டார் என்பது இப்போது புரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தச் சில நிமிடங்களில் அவர் குரல் அவ்வளவு நன்றாக இருக்கும். சிரிப்பார், கிண்டல் செய்வார், என் வகுப்பில் இருந்த குண்டுப் பையன் இன்னும் டிபன் பாக்ஸைத் திருடுகிறானா என்று மறக்காமல் விசாரிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது லோஹேகாவிலிருந்து போர் விமானம் ஏதாவது எங்கள் மொட்டை மாடிக்கு மேலே போனால், "ஏட்டி, போன சன்னல்ட்ட கொண்டு போ, கொண்டு போ," என்று கத்துவார். நான் ஓடிப்போய் மொபைலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பேன். கார்டில் காசு கரைய, மஸ்கட்டில் ஒரு மனிதர் புனே வானத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பேசி முடித்ததும் வீடு சட்டென்று பெரிதாகிவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவும் நானும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. கீழே பார்க்கிங்கில் ஒவ்வொரு ஸ்கூட்டராக வந்து நிற்கும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை "பாபா!" என்று கத்திக்கொண்டு படியில் இறங்கும். அந்தச் சத்தம் ஓயும்வரை அம்மா டிவியின் ஒலியைக் கூட்டி வைப்பாள். சொசைட்டிக் கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் வந்து உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் டேங்க் பற்றிப் பேச அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி நாற்காலியில் உட்காருவாள், ஒரு தரம்கூட வாயைத் திறக்காமல் திரும்பி வருவாள். காகூ எப்போது பார்த்தாலும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "துஜே பாபா கதீ யேணார்?" உங்கப்பா எப்போது வருவார். லோன் முடிந்ததும் என்பேன். லோன் என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே அந்தப் பதில் எனக்குத் தெரியும்.

வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். வந்து என் உயரத்தைப் பார்த்து அசந்து போவார். எனக்குச் சட்டை எடுத்து வருவார், அது போன வருடத்து எனக்குச் சரியாக இருக்கும்.

ஆறாம் வகுப்பில் இருந்தபோது ரூபாய் உண்மையிலேயே விழத் தொடங்கியது. வெங்காயம் விலை ஏறி, பெட்ரோல் விலை ஏறி, ஊரே புலம்பிக்கொண்டிருந்தது. எங்கள் சோஷியல் மிஸ் ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு, ரூபாய் விழுவதைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அப்பா கார் வாங்குவதைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்றான் ஒருவன். அண்ணனை அமெரிக்காவில் படிக்க வைக்க முடியுமா என்று அம்மா அழுகிறாள் என்றாள் ஒருத்தி. என் முறை வந்ததும் எழுந்து நின்று, எங்கள் வீட்டில் ஸ்வீட் செய்வோம் என்றேன்.

வகுப்பு சிரித்துத் தீர்த்தது. மிஸ் சிரிக்கவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்துவிட்டு, எல்லோரையும் அமைதியாக்கி, கரும்பலகையில் ஒரு கப்பலை வரைந்தார். நாடு எண்ணெய் வாங்கவும் மருந்து வாங்கவும் வெளிநாட்டுப் பணம் வேண்டும், அந்தப் பணத்தில் பெரும் பங்கைக் கொண்டு வருவது பெரிய கம்பெனிகள் மட்டும் அல்ல, வெளிநாட்டில் வியர்வை சிந்துகிற இவளுடைய அப்பா மாதிரி ஆட்களும்தான், நாடு தள்ளாடும்போது தாங்கிப் பிடிப்பது அவர்கள் அனுப்புகிற பணம், ஆகவே இவள் அப்பாவுக்கு எல்லோரும் கை தட்டுங்கள் என்றார். தட்டினார்கள். குண்டுப் பையன்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். பெருமையில் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வேறு ஒரு நினைப்பு வந்தது. நாட்டுக்குத்தான் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, எனக்கு இருப்பது ஒரே ஒருவர், அவரை ஏன் நாடு எடுத்துக்கொண்டது? டிபனைச் சாப்பிடாமல் மூடி வைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் ரேட் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு வாரத்திலேயே இரண்டு தடவை கேசரி ஆயிற்று, ரவை வாங்கப் போனால் கடைக்காரர் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்கும் அளவுக்கு. அப்பா இந்த முறை காத்திருக்கவில்லை. கையில் வைத்திருந்தது, அறையில் இருந்தவர்களோடு சீட்டுப் போட்டு எடுத்தது, எல்லாவற்றையும் ஒரே தவணையாக அனுப்பினார். அம்மா பேங்க்குக்கு ஒரு நாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது கையில் வீட்டுப் பத்திரம் இருந்தது. லோன் முடிந்துவிட்டது.

அடுத்த சில நாட்கள் அம்மா இருந்த மாதிரி அவளை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பாட்டுப் பாடினாள். பரணிலிருந்த அப்பாவின் பழைய சட்டைகளை இறக்கித் துவைத்தாள். கட்டிலின் ஆடுகிற காலைத் தச்சரை வைத்துச் சரி செய்தாள். நானும் அவளும் சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறி கட்கி பஜாருக்குப் போய், அப்பா பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஒரு மூங்கில் நாற்காலி வாங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தோம். தீபாவளிக்கு அப்பா வந்துவிடுவார் என்று காகூவிடம் சொன்னேன், காவலாளி மாமாவிடம் சொன்னேன், வேன் டிரைவரிடம் சொன்னேன். கணபதிக்கு நன்றி சொல்லி என் பங்குக் கேசரியில் பாதியைக் கொண்டுபோய் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ரேட் மறுபடியும் ஏறியிருந்தது, அம்மா ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். மொபைல் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டாள், இரண்டு பேரும் கேட்கலாம் என்று. பத்திரம் வந்த கதையை அம்மா சொன்னாள், பட்டுப்புடவை கட்டிப் போனதைச் சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். டிக்கெட் எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டாள்.

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏளா, கோவப்படாம கேளு. இந்த மாதிரி ரேட்டு எங்க சர்வீஸ்ல நாங்க யாரும் பாத்ததே இல்ல. ரூம்ல ஒருத்தனும் லீவுகூட எடுக்க மாட்டேங்கான். இப்பப் போய் விட்டுட்டு வரச் சொல்லுதியே. அவ படிப்பு இருக்கு, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி இருக்கு. ஒரு வருசம், ரெண்டு வருசம். இப்ப சம்பாதிச்சாத்தாம்ளா உண்டு."

அம்மா அடுப்பைச் சிறியதாக்கினாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல, அன்றைக்கும் போடவில்லை.

"ரேட் எறங்குனப்ப சம்பாத்தியம் பத்தல, வர முடியாதுன்னீங்க. ஏறுனப்ப, விட்டுட்டு வர மனசில்லங்கீங்க. அப்ப எந்த ரேட்டுக்குத்தாங்க வருவீங்க? அதச் சொல்லுங்க, நானும் அத டிவியில பாத்துக்கிட்டு இருக்கேன்."

அப்பா அதை விட்டுவிட்டு, என் பெயரைச் சொல்லி, "அவ பக்கத்துல நிக்காளா?" என்று கேட்டார். நான் நிற்கிறேன் என்று சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. கார்டு தீர்ந்ததோ அவரே வைத்துவிட்டாரோ, தொடர்பு அறுந்தது. அம்மா சர்க்கரை டப்பாவை அதன் இடத்தில் வைத்துவிட்டு, வெங்காயம் எடுத்து வெட்டத் தொடங்கினாள். கேசரிக்கு வறுத்த ரவை அன்றைக்கு உப்புமா ஆனது. நெய்யில் வறுத்த முந்திரி அங்கங்கே இருந்ததால் நன்றாகவே இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் அழுகையாக வந்தது.

மறுநாள் கணபதியிடம் போய் "ரூபயா சடூ தே" என்று, ரூபாய் ஏறட்டும் என்று, மாற்றிக் கேட்டேன். ரேட் இறங்கினால் அங்கே இருக்க அவருக்கே அலுத்துவிடும் என்பது என் புதிய கணக்கு. தினம் ஒன்று சொல்கிற இந்த மதராஸிப் பெண்ணைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ, இரண்டையும் கேட்காதது போலவே உட்கார்ந்திருந்தார். சில நாளில் அந்த வழக்கமும் விட்டுப் போயிற்று. அம்மா ஏழு மணிச் செய்தியை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் காகூவோடு நடக்கப் போக ஆரம்பித்தாள். மூங்கில் நாற்காலியில் நான் உட்கார்ந்து பாடம் படித்தேன். தீபாவளிக்கு அப்பா ஒரு பெரிய டிவியை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பணம் அனுப்பினார்.

ஒரு வருடம், இரண்டு வருடம் என்றவர், நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வந்தார். அவராக வரவில்லை. அந்த நாட்டுக்காரர்களையே அந்த வேலைகளுக்கு எடுக்கிறோம் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டார்கள். மும்பையில் இறங்கி டாக்சியில் வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும், தன் காசில் வாங்கிய வீட்டில், ஃபேன் சுவிட்ச் எது என்று என்னிடம் கேட்டார். நான் பெரிய மனுஷியைப் போல எழுந்து போய்ப் போட்டேன்.

நான் அத்தனை வருடம் கேட்டது நடந்துவிட்டது. அப்பா வீட்டில் இருக்கிறார். காலையில் பேப்பர், பத்து மணிக்குக் காய்கறி, மத்தியானம் சிறு தூக்கம். அம்மாவோடு சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. அம்மா தனக்கென்று ஒரு நாளைக் கட்டிக்கொண்டுவிட்டாள், அதில் அவருக்கு எங்கே இடம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என்னைப் பார்த்தால் "வந்தியா" என்பார், "சாப்பிட்டேன்ப்பா" என்பேன், அவர் கேட்காத கேள்விக்கு. சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து நாங்கள் ஊறுகாயைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஆளந்தி ரோடு இப்போது அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. சிக்ஸ் சீட்டர்கள் போய்விட்டன. காகூ மகனோடு வேறு பக்கம் குடிபோய்விட்டார், எதிர் ஃப்ளாட்டில் சென்னையிலிருந்து வந்த ஐடி தம்பதி இருக்கிறார்கள். செய்தியின் அடியில் ஓடும் எழுத்துக்காக யாரும் நின்று காத்திருப்பதில்லை, எல்லாம் மொபைலில் இருக்கிறது. போன் கார்டு என்ற ஒன்றைச் சுரண்டி எண்ணைப் போட்டுப் பேசினோம் என்றால் என் ஆபீஸில் சிரிக்கிறார்கள். என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்கு விசா போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். நான் போடவில்லை. ஏன் என்று கேட்கிறார்கள், இவ்வளவு பெரிய கதையை யாரிடம் சொல்வது என்று விட்டுவிடுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், பால் பாக்கெட் வாங்கி வரட்டுமா என்று கேட்பதற்காக ஆபீஸிலிருந்து அப்பாவின் மொபைலுக்குக் கூப்பிட்டேன். எடுத்த மாத்திரத்தில் அந்தப் பக்கம் வேறு ஒரு ஆள், அந்தப் பழைய வெள்ளிக்கிழமை அப்பா, இருந்தார். "ஏட்டி, சாப்டியா? அங்க மழையா? பாத்து வா என்ன, ரோடெல்லாம் தண்ணி. அந்த மேனேஜர் பய இன்னும் ஒன்னத் திட்டுதானா?" என்று சிரித்தார். என் ஆபீஸ் கராடியில் இருக்கிறது, வீட்டிலிருந்து அரை மணி நேரம். எனக்கு ஒரு மேனேஜர் உண்டு, அவர் திட்டுவார் என்பதெல்லாம் அம்மாவிடம் நான் சொன்னதை ஊறுகாய்க்கு நடுவில் அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. வெகு நேரம் பேசினோம். பால் பாக்கெட்டைக் கேட்க மறந்தே போனேன். அன்று வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். "வந்தியா" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை.

ஆகவே இப்போதெல்லாம் வாரத்தில் ஓரிரு நாள் வேலை முடிந்து வந்ததும் நான் உடனே மேலே போவதில்லை. பார்க்கிங்கில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பாவைக் கூப்பிடுகிறேன். எங்கே இருக்கிறாய் என்பார், ஆபீஸில் என்பேன். மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு அவர் பால்கனிக்கு வருவார், கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துப் பேசுவார், இருந்த இடத்திலிருந்து எனக்கு எல்லாம் தெரியும். அவர் கீழே பார்க்க மாட்டார். எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருப்பார்.